சந்தனம் ஒட்டிய கிரீடம்

"என் கிரீடத்தை எவனோ போட்டுப் பார்த்திருக்கிறான். உள்பட்டையில் சந்தனம் ஒட்டியிருக்கிறது. எனக்குச் சந்தனம் ஆகாது, தும்மல் வரும்."

காலையிலிருந்து ராஜா இதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு எழுத்து மாறவில்லை. சொல்லி முடித்ததும் ஒரு தும்மல்.

ரொம்பக் காலத்துக்கு முன்னால் செவ்வந்திபுரத்தை ஆண்ட விசயகண்டன்தான் அந்த ராஜா. அந்த ஊரில் மனுஷனுக்கு மரியாதை கிடையாது. அவன் தலையில் இருப்பதற்குத்தான் மரியாதை. தளபதியின் தலைப்பாகையை யார் வைத்தாலும் அவன் தளபதி. சமையல்காரனின் முண்டாசை யார் கட்டினாலும் அவன் அடுப்படியைப் பார்க்கப் போகவேண்டும். தலைக்குள் என்ன இருக்கிறது என்று கேட்கிற பழக்கம் யாருக்கும் இல்லை. அப்படிப்பட்ட ஊரில் கிரீடத்தை ஒருவன் திருட்டுத்தனமாகப் போட்டுப் பார்த்தால், போட்டிருந்த நேரத்துக்கு அவன்தான் ராஜா. விசயகண்டன் சும்மா விடுவாரா?

சந்தனம் என்ற பேச்சு வெளியே கசிந்ததுமே சபையில் அத்தனை பேரும் நெற்றியைத் தேய்த்துத் துடைத்துவிட்டு வந்து நின்றார்கள். மந்திரி நல்லாதனார் மட்டும் தினமும்போல இட்டுக்கொண்டு வந்தார். வந்ததுமே தெரிந்துபோயிற்று, தப்பு செய்துவிட்டோம் என்று.

"மகாராஜா, சபையில் ஒரே ஒரு நெற்றியில்தான் சந்தனம் இருக்கிறது. நான் யாரையும் குறிப்பிட்டுச் சொல்லவில்லை" என்றார் அரண்மனைக் காரியஸ்தர் பராங்குசர். மந்திரியின் தலைப்பாகைமேல் அவருக்குப் பல வருஷமாகக் கண்.

"குறிப்பிடாதவர் ஏன் என் பக்கம் விரலை நீட்டுகிறீர்?"

"அது தானாக நீண்டது."

"நேற்றுவரை உம்முடைய நெற்றியிலும் அப்பளம் அளவுக்கு இருந்ததே, காரியஸ்தரே. அதுவும் தானாக அழிந்ததா?"

"போதும்" என்றார் ராஜா. "நல்லாதனாரே, பொழுது சாய்வதற்குள் ஆளைக் காட்டும். இல்லாவிட்டால் உம்முடைய தலைப்பாகையைக் கழற்றிவிடுவேன். அது தனியாக வராது, தலையும் சேர்ந்துதான் வரும்."

நல்லாதனார் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். கடைசியில் ராஜாவையும் ஒரு பார்வை பார்த்தார். இவ்வளவு பெரிய கிரீடம் இந்தச் சின்னத் தலையில் எப்படி நிற்கிறது? இந்த மனுஷர் அதை ஏன் யார் முன்னாலும் கழற்றுவதில்லை?

"மகாராஜா, எல்லாரையும் வட்டமாக நிறுத்துங்கள். முரசு ஒரு தட்டுத் தட்டியதும் அவரவர் தலையில் இருப்பதைப் பக்கத்து ஆளிடம் கொடுக்கட்டும். கிரீடமும் வரட்டும்."

"கிரீடமா? உம்முடைய சூழ்ச்சி என்ன?"

"போட்டுப் பார்த்தவனுக்கு அது பழகியிருக்கும். பழகினதை எவ்வளவு நேரம் மறைப்பான்?"

ராஜா அரைமனதாகத் திரைக்குப் பின்னால் போனார். கிரீடத்தைக் கையில் ஏந்திக்கொண்டு வந்தபோது அவர் இடுப்பில் ஏதோ புடைத்துக்கொண்டிருந்தது. மந்திரி அதைப் பார்த்துக்கொண்டார்.

சமையல்காரனையும் யானைப்பாகனையும்கூட வட்டத்தில் நிறுத்தினார்கள். முரசு தட்டியதும் கூத்து ஆரம்பித்தது. தளபதியின் தலைப்பாகை சமையல்காரனுக்குப் போனது. அவன் கரண்டியை உருவிக்கொண்டு "அணிவகுத்து நில்லுங்கள்" என்று கத்தினான். மந்திரியின் தலைப்பாகை தளபதிக்குப் போனது. அவர் தாடையைத் தடவியபடி "அவசரம் கூடாது" என்றார். சமையல்காரனின் முண்டாசு ராஜாவுக்கு வந்தது. அவர் மூக்கை உறிஞ்சி, "எங்கேயோ அடிப்பிடிக்கிற வாசனை வருகிறதே" என்று கவலைப்பட்டார். பாகனின் துண்டு நல்லாதனார் தலையில் ஏறியது. யானை நாற்றம் மூக்கைத் துளைத்தது. ஆனாலும் அவர் கண் பராங்குசரை விடவில்லை.

கிரீடம் பராங்குசர் கைக்கு வந்தது. அவர் யோசிக்கவே இல்லை. தம் மேல்துண்டை நாலாக மடித்து, உள்பட்டையில் செருகி, அதன்மேல் கிரீடத்தை வைத்தார். அசையாமல் உட்கார்ந்தது.

"அந்தத் துண்டு எதற்கு?" என்றார் மந்திரி.

"இல்லாவிட்டால் மூக்கில் விழுமே."

"விழும் என்று உனக்கு யார் சொன்னது?" முண்டாசோடு ராஜா பாய்ந்து வந்தார். "அது பெரிசு, உள்ளே துணி வைத்துத்தான் போடவேண்டும் என்பது எனக்கும் செத்துப்போன என் தாத்தாவுக்கும் மட்டும்தான் தெரியும். காவலர்களே, பிடியுங்கள் இவனை."

காவலர்கள் ராஜாவின் முண்டாசைப் பார்த்தார்கள். அசையவில்லை. சமையல்காரன் சொல்லி யாரைப் பிடிப்பது?

பராங்குசருக்கு அப்போதுதான் உறைத்தது, தம் தலையில் என்ன இருக்கிறது என்று. மெதுவாக நிமிர்ந்தார். "அந்தப் பாகனைப் பிடியுங்கள்" என்றார், நல்லாதனாரைக் காட்டி.

காவலர்கள் நகர்ந்தார்கள். நல்லாதனார் முந்திக்கொண்டு பராங்குசர் முன்னால் போய் நின்றார். கைகூப்பினார்.

"உத்தரவு மகாராஜா. ஒரே ஒரு குறை. வியர்வைத் துண்டை வைத்துக் கிரீடம் போட்ட ராஜாவை இந்தச் சபை பார்த்ததில்லை. நாளைக்கு ஊரே சிரிக்கும். ராஜாவின் தலைக்கு முட்டுக் கொடுப்பார்களா?"

சபையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பராங்குசருக்கு முகம் சிவந்தது. வெடுக்கென்று துண்டை உருவி எறிந்தார். கிரீடம் சறுக்கி மூக்கில் வந்து நின்றது. அது கண்ணை மறைக்கவே, இரண்டு கையாலும் அதைத் தூக்கினார். தூக்கின அந்த நொடியில் நல்லாதனார் பாகனின் துண்டை அவர் தலையில் போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார்.

கை நழுவிக் கிரீடம் தரையில் உருண்டது.

"யானை இன்னும் குளிக்கவில்லை, கிளம்பு" என்றான் காவலன். பராங்குசர் வாய் திறந்தார். "ஹத், ஹத்" என்றுதான் வந்தது. அங்குசத்தைத் தேடிக்கொண்டு யானைக் கொட்டில் பக்கம் போனார்.

"நல்லாதனாரே, உம்முடைய புத்திக்கு ஒரு ஊரையே கொடுக்கிறேன்" என்றார் ராஜா.

"அடுப்படியிலிருந்து கொடுத்தால் செல்லாது, மகாராஜா. கிரீடத்தோடு சொல்லுங்கள்."

கிரீடத்தை எடுக்க ராஜா முண்டாசோடு குனிந்தார். சமையல்காரன் கிரீடத்தைத் தொடுவதா என்று இரண்டு ஈட்டிகள் குறுக்கே வந்தன. ராஜா பின்வாங்கினார்.

சபையின் நடுவே கிரீடம் கவிழ்ந்து கிடந்தது. தளபதி அதைப் பார்த்தார். சமையல்காரன் தளபதியைப் பார்த்தான். வெறுந்தலையோடு நின்ற நல்லாதனார் அதை ஒருமுறை பார்த்துவிட்டு, தாம் பார்த்ததை யாராவது பார்த்தார்களா என்று பார்த்தார்.

"யாராவது அதை எடுத்துக் கொடுங்களேன்" என்றார் ராஜா.