முதலாளி கை பட்ட சோக்

அம்பாசமுத்திரத்து அரிசி ஆலை முதலாளி வன்னியப்பெருமாளிடம் அவருடைய தாத்தா காலத்துக் கார் ஒன்று இருந்தது. ஊரில் எந்தக் கல்யாணம் என்றாலும் மாப்பிள்ளை அழைப்புக்கு அதுதான் போகும். ஒரு கல்யாணத்தன்று காலையில், எத்தனை தடவை சாவியைத் திருப்பியும் அது இருமியதே தவிர கிளம்பவில்லை.

"இன்ஜினுக்குக் காத்து விடுற சோக் இறுகிப் போச்சு மொதலாளி. மெக்கானிக்கைக் கூப்பிடுவோமா?" என்றார் டிரைவர் தங்கப்பழம்.

"என் இன்ஜின்ல என்னைத் தவிர எவன் கையும் படக் கூடாது. உன் கையும்தான்! ஆனா வண்டி இப்பவே கிளம்பணும். இல்லேன்னா உனக்கு வேலை இல்லை."

தங்கப்பழம் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்படின்னா மொதலாளி, சட்டையைக் கழட்டுங்க."

முதலாளி முழித்தார். சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது? சட்டையைக் கழற்றிவிட்டு, பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பானெட்டுக்குள் தலையை விட்டார். தங்கப்பழம் சொல்லச் சொல்ல, ஏர் ஃபில்டரைக் கழற்றினார். கார்புரேட்டர் வாயில் ஒட்டிக் கிடந்த சோக் தகட்டைப் பெட்ரோல் துணியால் தேய்த்து அசைத்தார். தங்கப்பழம் காருக்குள் போய்ச் சோக் குமிழை இழுத்துச் சாவியைத் திருப்பினார். வண்டி முதலாளி முகத்தில் கரியை ஊதிவிட்டு உறுமியது.

அந்த நேரம் பார்த்து மாப்பிள்ளையின் வெளியூர்த் தாய்மாமன் ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டு வந்து, கரி முகத்தோடு நின்ற முதலாளியிடம் சொன்னார்.

"மேஸ்திரி, நல்ல கைராசிக்காரரா இருக்கீங்களே! என் வண்டியையும் கொஞ்சம் பாருங்க."

முதலாளி கத்தத்தான் வாயைத் திறந்தார். ஓடிக்கொண்டிருந்த காரை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"நிழல்ல நிறுத்துங்க," என்றார். "சோக்காத்தான் இருக்கும்."