வல்லூறு கைகாட்டிய வழக்கு

இளவேங்கைப் பாளையத்தில் மழைக்குப் பஞ்சம் வந்ததுண்டு, வழக்குக்குப் பஞ்சம் வந்ததே இல்லை. அதற்குக் காரணம் அங்கே இருந்த கைகாட்டு முறை. குற்றவாளிக் கூண்டில் நிற்பவன், "எனக்கு முன்னாடி இதே தப்பை இன்னார் பண்ணினார்" என்று ஒருவரைக் கைகாட்டலாம். அவரை விசாரித்து முடிக்கும்வரை இவனைத் தண்டிக்கக் கூடாது. அவர் செத்துப்போயிருந்தால் வாரிசு வந்து நிற்க வேண்டும். ஒரு பூசணிக்காய்த் திருட்டு இப்படியே பதினோரு பேரைத் தாண்டி, கடைசியில் புகார் கொடுத்தவனின் மாமனாரிடம் போய் நின்றதாம்.

கொப்பைய ராசா தங்கமான மனுஷர், மனசுதான் வெண்ணெய். அரண்மனைத் தோட்டத்தில் தினமும் ஓர் அணிலுக்குக் கடலை போடுவார். ஒரு நாள் அவர் கண்ணெதிரிலேயே ஒரு வல்லூறு அதைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது. ராசா மூன்று வேளை சாப்பிடவில்லை. நான்காவது வேளை ஆட்டுக்கறியோடு சோறு வந்ததும் கொஞ்சம் தெம்பு வந்து, ஒரு சட்டம் போட்டார். தோட்டத்துக்குள் எந்த உயிரும் எந்த உயிரையும் தின்னக் கூடாது. தின்றால் எல்லைக்கு அப்பால் துரத்தப்படும்.

பிரதானி வரதய்யருக்குச் சபை விகடன் தொட்டியப்பனைக் கண்டாலே ஆகாது. கிடைத்தது சந்தர்ப்பம் என்று, தோட்டத்துக் காவலுக்கு அவனையே போடலாம் என்றார். ஒரு மாதத்துக்குள் ஓர் உயிர் போனாலும் காவல்காரனும் குடும்பத்தோடு எல்லை தாண்ட வேண்டும் என்றும் சேர்த்தார். ராசா தலையாட்டிவிட்டார். ஓலையைப் பிரதானியே எழுதினார். எழுதிய குஷியில், "எறும்பு முதல் யானை வரை எல்லா உயிருக்கும் ஒரே நீதி" என்று அழகாக ஒரு வரியையும் போட்டு வைத்தார்.

தொட்டியப்பன் நேரே தன் வீட்டுக்கு ஓடினான். ஏழு வருஷம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி எழுப்பிய வீடு. போன வாரம்தான் கூரை ஏறியது, இன்னும் பால்கூடக் காய்ச்சவில்லை. அவன் மனைவி பொம்மக்கா ஒரே ஒரு கேள்விதான் கேட்டாள்.

"பாத்திரத்தை உள்ள அடுக்கவா, மூட்டை கட்டவா?"

மூன்றாம் நாளே வல்லூறு இன்னோர் அணிலை அடித்தது. தொட்டியப்பன் அதை மறைக்கவில்லை. தானே வலை போட்டு வல்லூற்றைப் பிடித்து, கூடையில் வைத்து, இன்னும் நாலு மூடிபோட்ட சட்டிகளோடு சபைக்கு வந்து நின்றான். பிரதானி முகத்தில் நூறு விளக்கு எரிந்தது. பறவையையும் காவல்காரனையும் இன்றைக்கே துரத்திவிடலாம் என்றார்.

"துரத்துங்க பிரதானியாரே. ஆனா எல்லா உயிருக்கும் ஒரே நீதின்னு நீங்கதானே எழுதினீங்க? வல்லூறும் கைகாட்டும்ல?" என்றான் தொட்டியப்பன்.

சபை நிமிர்ந்து உட்கார்ந்தது. வழக்கு நீளப்போகிறது என்றால் அந்தச் சனங்களுக்கு வெல்லக்கட்டி மாதிரி. ராசாவும் சரி என்றார்.

வல்லூறு அணிலைக் கைகாட்டியது. குருவி முட்டையை உடைத்துக் குடித்ததே அந்த அணில் என்று தொட்டியப்பன் அதன் சார்பில் பேசினான். அணில் செத்துவிட்டதால் வாரிசாக ஓர் அணில்குஞ்சை முதல் சட்டியிலிருந்து எடுத்து விட்டான். அது நேரே பிரதானியின் தலைப்பாகையில் ஏறி உட்கார்ந்துகொண்டது. இரண்டாவது சட்டியில் அது கைகாட்டிய தவிட்டுக்குருவி. அது வெட்டுக்கிளியைக் காட்டியது. மூன்றாவது சட்டியைத் திறந்ததும் வெட்டுக்கிளி சபை முழுக்கத் துள்ளியது. அதைப் பிடிக்க இரண்டு சேவகர்கள் மோதி விழுந்தார்கள். வெட்டுக்கிளி புல்லைத் தின்றதற்குச் சாட்சியே வேண்டாம், அது புல்லைத்தான் கைகாட்டியது. நாலாவது சட்டியில் ஒரு கொத்து அருகம்புல்.

"புல்லு எந்த உயிரைத் தின்னுச்சு?" என்று கேட்டார் ராசா, கண்ணைத் துடைத்துக்கொண்டே. சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"இது உங்க அப்பா, பெரிய ராசாவை அடக்கம் பண்ணின மேட்டுல முளைச்சது மகாராசா. தோட்டத்துலயே அங்கதான் புல்லு இத்தனை பச்சை. செத்ததெல்லாம் மண்ணாகுது, மண்ணு புல்லாகுது. பெரிய ராசாவைத் தின்னேன், ஒத்துக்கிறேன்னு சொல்லுது. ஆனா எனக்கு முன்னாடி அவர் என்னென்ன தின்னாருன்னும் கேக்குது."

பெரிய ராசா ஒரு வேளைக்கு அரை ஆடு சாப்பிடுவார் என்பது ஊருக்கே தெரியும். அவர் இல்லையென்றால் வாரிசு வந்து நிற்க வேண்டும் என்பதும் தெரியும்.

கொப்பைய ராசா சிம்மாசனத்தைவிட்டு இறங்கி வந்து அணில்குஞ்சு, குருவி, புல் எல்லாவற்றுக்கும் பக்கத்தில் நின்றார். கைகாட்ட ஆள் தேடினார். அவர் கண் பிரதானி மேல் விழுந்தது.

"நான் கீரை மட்டும்தான் மகாராசா" என்றார் பிரதானி அவசரமாக. எல்லோரும் சட்டியிலிருந்த புல்லைப் பார்த்தார்கள். பிறகு பிரதானியைப் பார்த்தார்கள். அவர் தலையில் அணிலோடு மெல்லத் தூணுக்குப் பின்னால் போனார்.

அந்த நேரம் பார்த்து ராசாவின் கன்னத்தில் ஒரு கொசு உட்கார்ந்து ஆற அமரக் குடித்தது. ராசா பளாரென்று ஒரு அறை விட்டார். உள்ளங்கையில் கொசுவும் ஒரு சொட்டு ரத்தமும்.

தொட்டியப்பன் எட்டிப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

"நீங்க கைகாட்டித் தப்பிக்க ஒரே ஒரு ஆள் வந்தான். அவனையும் கொன்னுட்டீங்களே, மகாராசா."

ராசா தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சத்தத்துக்குப் பயந்து வல்லூறு கூடையைத் தள்ளிக்கொண்டு சன்னல் வழியாகத் தோட்டத்துக்கே பறந்துவிட்டது. யாரும் துரத்தவில்லை. ராசா சட்ட ஓலையைத் தோட்டத்துக் கரையான் புற்றில் போடச் சொன்னார், பிரதானியின் கையாலேயே. கரையானுக்கும் பசிக்குமாம்.

மறுநாள் பொம்மக்கா பால் காய்ச்சினாள். ஒரு பசுவை ஓட்டிக்கொண்டு ராசாவே வந்திருந்தார். சர்க்கரையில் எறும்பு மொய்த்திருந்தது. அவள் தட்டிவிடக் கையை ஓங்கியதும் ராசா பதறிப்போய்த் தடுத்தார்.

"வேண்டாம் தாயி. அதுக்கும் ஒரு பிடி போடு. இல்லேன்னா என்னைக் கைகாட்டிடும்."