எந்தக் கை?

"எதுவுமே அவங்களுக்குப் பிடிக்கலை உஸ்தாத். நான் தொழிலையே விட்டுடறேன்."

நைனா முகம்மது இரண்டு குப்பிகளை மேசையில் வைத்தார். திருவல்லிக்கேணி அத்தர் கடையில் அவர் சீடர். ஆனால் குருவான உஸ்தாத் கலீலைவிட வயதில் மூத்தவர். மூக்குக்கு முன்னால் வயதாவது மண்ணாவது!

"யாருக்குப் பிடிக்கலை?"

"வெளியே உட்கார்ந்திருக்காங்களே, ஜெசிந்தா. அவங்க அக்கா இறந்துட்டாங்க. பேரிக்காயும் லிச்சியும் மணக்கிற ஒரு பிரெஞ்சு சென்ட்தான் எப்பவும் போடுவாங்களாம். அந்த வாசத்தை இன்னொரு தடவை முகர்ந்தா போதுமாம். விலை கட்டுப்படியாகாது, அதே மாதிரி மலிவா செஞ்சு கொடுங்கன்னாங்க."

"செஞ்சீங்களா?"

"அச்சு அசலா! காகிதப் பட்டையில தொட்டுக் கொடுத்தேன். 'இது அக்கா இல்லை'ன்னாங்க. சரின்னு அசலையே வாங்கிட்டு வந்து கொடுத்தேன். அதுவும் அக்கா இல்லையாம். நான் எங்க போய் முட்டிக்கிறது?"

உஸ்தாத் இரண்டு காகிதப் பட்டைகளைக் குப்பிகளில் தொட்டு, ஒன்றை முகர்ந்தார். அடுத்ததை முகரும் முன், மூக்கு தெளிவதற்காகத் தன் முழங்கை மடிப்பை முகர்ந்தார். அந்தத் தொழிலில் எல்லோரும் செய்வதுதான்.

முகர்ந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"அவங்களைக் கூப்பிடுங்க."

ஜெசிந்தா வந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"நீங்க சென்ட் போடுவீங்களா அம்மா?"

"இல்லை பாய். அக்கா தன் பாட்டிலைத் தொடவே விடமாட்டா."

உஸ்தாத் அவளுடைய ஒரு முழங்கை மடிப்பில் அசலைத் தொட்டு வைத்தார். மறு கையில் நகலை வைத்தார்.

"டீ வரட்டும். அதுவரைக்கும் முகராதீங்க."

டீ வந்தது. ஆறியது. யாரும் குடிக்கவில்லை.

"இப்போ பாருங்க."

அவள் ஒரு கையை முகர்ந்தாள். மறு கையை முகர்ந்தாள். உதடு துடித்தது.

"அக்கா..."

நைனா முகம்மது கிட்டே வந்தார்.

"அக்காவேதான் பாய்! அவ கழுத்தைக் கட்டிக்கிட்டுத் தூங்குவேனே, அந்த வாசம். என் கைக்கு எப்படி வந்துச்சு?"

"கூடப் பிறந்தவங்களாச்சே அம்மா, தோல் வாசம் ஒண்ணுதானே" என்றார் உஸ்தாத்.

நைனா முகம்மது அவர் காதருகே குனிந்தார்.

"எந்தக் கை உஸ்தாத்? அசலா, என்னோடதா?"

"நீங்களே பாருங்க."

அவள் இரண்டு கைகளையும் மடித்து முகத்தைப் புதைத்திருந்தாள்.

நைனா முகம்மது சட்டைப் பையிலிருந்து தொழுகைக்குப் போடும் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டார்.