பக்கத்து இருக்கை

குரு எஸ்தருக்கு முப்பத்தி நாலு வயது. சிஷ்யை சண்முகக்கனிக்கு நாற்பது தாண்டிவிட்டது. குரு சிஷ்யையை "அக்கா" என்பாள். சிஷ்யை குருவை "சிஸ்டர்" என்பாள். அந்தப் பிரசவ விடுதியில் இதைப் பார்த்துச் சிரிக்கக்கூட யாருக்கும் நேரமில்லை. வேலை அப்படி.

எஸ்தர் பேர்போன மருத்துவச்சி. சண்முகக்கனியோ அதுவரை டிரைவிங் ஸ்கூல் நடத்தியவள். ஊரில் பாதிப் பெண்கள் அவளிடம் திட்டு வாங்கித்தான் கார் ஓட்டப் பழகினார்கள். நன்றாக ஓடிக்கொண்டிருந்த பிழைப்பை விட்டு, காரையும் விற்று, சின்னப் பிள்ளைகளோடு பெஞ்சில் உட்கார்ந்து நர்சிங் படித்துவிட்டு, இப்போது மருத்துவச்சி வேலை பழக வந்திருக்கிறாள். கேள்விப்பட்டவர்கள் எல்லாம், "உனக்கென்ன கிறுக்கா பிடிச்சிருக்கு?" என்றார்கள்.

எஸ்தரும் முதல் நாள் அதையே மரியாதையாகக் கேட்டாள்.

"ஏன்க்கா இந்த வேலைக்கு வந்தீங்க?"

"பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு வலின்னு என் காருல ஏத்திட்டுப் போனேன், சிஸ்டர். பாதி வழியிலேயே பின் சீட்டுல குழந்தை பிறந்துட்டு. அவ மாமியா கையில வாங்கினா. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டிட்டிருந்தேன். என் முதுகுக்குப் பின்னால ஒரு உயிர் வருது, நான் பார்க்கலியே! படிக்கிறப்பவும் டாக்டர் முதுகைத்தான் பார்த்தேன். ஒரு மனுசத் தலை எப்படித்தான் வருதுன்னு என் கண்ணால பார்க்கணும். என் கையில வாங்கணும்."

எஸ்தர் சிரித்தாள். 

சீக்கிரமே ஒரு பிரசவத்தில், குழந்தையை வாங்க அவளை முன்னால் உட்காரவைத்தாள். அவ்வளவுதான். பழைய டிரைவிங் வாத்தியாரம்மா உள்ளேயிருந்து கிளம்பிவிட்டாள். "மெதுவா! மெதுவான்னு சொல்றேன்ல! இப்போ குடு! நிறுத்து, நிறுத்து!" வலியில் கிடந்தவள் மிரண்டுபோய் மூச்சை அடக்கிக்கொண்டாள். எஸ்தர் சிஷ்யையின் தோளைத் தொட்டு எழுப்பிவிட்டு, தானே உட்கார்ந்து குழந்தையை வாங்கினாள்.

அதற்கப்புறம் அவளுக்கு முன்னால் இடம் கிடைக்கவே இல்லை. வெந்நீர் எடுத்துவா, துணி கொண்டுவா, நாடியைப் பார். இப்படியே மாதங்கள் ஓடின. பயிற்சியும் முடியப்போகிறது. ஒரு குழந்தையையாவது சொந்தக் கையால் வாங்காதவளை மருத்துவச்சி என்று அனுப்பிவைக்கிற பழக்கம் எஸ்தருக்குக் கிடையாது. சண்முகக்கனி நேரே போய்க் கேட்டுவிட்டாள்.

"சிஸ்டர், நான் எப்போ முன்னால உட்காருவேன்?"

எஸ்தர் குழந்தைத் துணி மடித்துக்கொண்டிருந்தாள். "கார் சொல்லிக் குடுக்கையில எதைப் பார்ப்பீங்க?"

"ரோட்டை."

"ஓட்டுறவ முகத்தை?"

"அதைப் பார்த்துட்டிருந்தா லாரிக்காரன் சாத்திட்டுப் போயிருவான்!"

"அப்போ அவ பயந்துட்டான்னு எப்படித் தெரியும்?"

"தோள் காது வரைக்கும் ஏறிரும். கிளட்ச் மேல கால் வெடவெடன்னு ஆடும். இதுக்கு முகம் எதுக்கு?"

எஸ்தர் துணியைக் கீழே வைத்தாள்.

"அடுத்த பிரசவத்துல நீங்க அவ பக்கத்துல உட்காருங்க."

"பக்கத்துலயா? அங்கேயிருந்து ஒண்ணுமே தெரியாதே, சிஸ்டர்!"

"உட்காருங்க."

மறுநாள் காலையில் பனிமேரி வந்தாள். தலைப்பிரசவம். எஸ்தர் முன்னால் உட்கார்ந்தாள். சண்முகக்கனி முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு கட்டிலில் ஏறி, பனிமேரிக்கு இடப்பக்கம் ஒட்டி உட்கார்ந்தாள்.

வலி வந்தது. பனிமேரியின் தோள் காதைத் தொட்டது.

சண்முகக்கனி அந்தத் தோள்மேல் கை வைத்தாள். "இறக்கு தாயி. ரோடு காலியாத்தான் கிடக்கு."

அந்த வலியிலும் பனிமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தோள் இறங்கியது. அடுத்த வலிக்கு அவளே சண்முகக்கனியின் கையை எடுத்துத் தோள்மேல் வைத்துக்கொண்டாள். மதியம் வரைக்கும் இப்படியே போனது.

"தலை தெரியுது," என்றாள் எஸ்தர்.

சண்முகக்கனிக்கு உடம்பெல்லாம் பரபரத்தது. கொஞ்சம் எட்டினால் போதும், பார்த்துவிடலாம். இதற்காகத்தானே எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தாள்! கழுத்தை நீட்டினாள். அப்போது அவள் தொடையை ஒட்டியிருந்த பனிமேரியின் கால் நடுங்குவது தெரிந்தது.  கிளட்ச் மேல் ஆடுமே, அதே நடுக்கம்.

சண்முகக்கனி திரும்பிக்கொண்டாள். பனிமேரியின் கன்னத்தோடு கன்னம் வைத்து, அவள் விட்ட மூச்சோடு தானும் மூச்சு விட்டாள்.

"இங்கதான் இருக்கேன். நான் எங்கயும் போகல தாயி. இங்கதான் இருக்கேன்."

குழந்தை அழுதது. பெண் குழந்தை. பனிமேரி சண்முகக்கனியைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள்.

எல்லாம் ஒழுங்கு செய்துவிட்டுச் சண்முகக்கனி குழாயடிக்கு வந்தாள். எஸ்தர் அங்கே கை கழுவிக்கொண்டிருந்தாள்.

"தலை எப்படி வந்துச்சுன்னு பார்த்தீங்களாக்கா?"

"இல்ல, சிஸ்டர்." அவள் நெற்றி வியர்வையைத் துடைத்தாள். "இன்னிக்கும் பார்க்கல. அவளை விட்டுட்டு அந்தப் பக்கம் திரும்ப முடியல. எனக்கு இந்த வேலை சரிப்பட்டு வராதோ?"

எஸ்தர் சோப்பை எடுத்து அவள் கையில் வைத்தாள்.

"முழங்கை வரைக்கும் நல்லாக் கழுவுங்க. உள்ள இன்னொருத்தி வலியோட வந்திருக்கா. முன்னால நீங்க உட்காருங்க, அவ பக்கத்துல நான் உட்கார்றேன்."