சமதரைக்குக் காத்திருந்த மாப்பிள்ளை

நாலு பேர், நாலு சைக்கிள், வழியில் ஆறு மேடு. இதைச் சண்டை வராமல் எப்படிப் பங்கு வைப்பீர்கள், சொல்லுங்கள் பார்ப்போம்?

தெரியவில்லையா? மூணுபொத்தை ஊர்க்காரர்கள் ஒரு வெற்றிலையை மென்று துப்புவதற்குள் பங்கு வைத்துவிட்டார்கள்.

அந்த ஊரில் பூலையா என்று ஒருவர். வயது முப்பத்தாறு. இதுவரை பெண் பார்க்கப் போன பதினோரு வீட்டிலும் கேசரி கொடுத்தார்கள், பெண்தான் கொடுக்கவில்லை. இப்போது வடகிணற்றிலிருந்து ஒரு சேதி வந்திருந்தது. பெண் பெயர் செண்பகக்கனி. அவளுடைய அப்பா அணைஞ்சபெருமாள் தெளிவாகச் சொல்லியனுப்பியிருந்தார். புதன்கிழமை பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம் பிறக்குமுன் வந்து பார்த்துவிட வேண்டும். சாயங்காலம் வேறு ஊர்க்காரர்கள் வருகிறார்கள், தவறினால் அவர்களுக்கே முடித்துவிடுவார். இதுவும் போனால் இந்த ஜில்லாவில் இனிப் பெண் கிடையாது என்று தரகரும் சொல்லிவிட்டார்.

வடகிணறு எட்டு கிலோமீட்டர். பஸ் இல்லை, சைக்கிள்தான்.

ஞாயிற்றுக்கிழமையானால் டவுனிலிருந்து ஒரு கூட்டம், இறுக்கமான கால்சட்டையும் தர்பூசணித் தோலைக் கவிழ்த்த மாதிரி ஒரு தொப்பியுமாக, அந்த மேட்டிலும் பள்ளத்திலும் சைக்கிள் ஓட்டிக்கொண்டு போகும். வேர்ப்பதற்கென்றே மெனக்கெட்டு வருகிறவர்கள். அதில் ஒருவரை மறித்து, மாப்பிள்ளையின் தாய்மாமன் தவசிக்கண்ணு வழி கேட்டார்.

அவர் நல்ல மனுஷர். ஆறு ஏற்றம், ஆறு இறக்கம், பார்க்கக் கண்கொள்ளாத பாதை என்றார். இறக்கத்தில் பிரேக்கைப் பிடித்துக்கொண்டே போகாதீர்கள் என்றார். ஒருத்தரே முன்னால் போய்க் கஷ்டப்பட வேண்டாம், முறை போட்டு மாற்றிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லிவிட்டுப் போனார்.

முறை போடுவதை மூணுபொத்தைக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டுமா? குளத்துத் தண்ணீரை அவர்கள் தலைமுறை தலைமுறையாக அப்படித்தான் பாய்ச்சுகிறார்கள். உன் முறை என்றால் தண்ணீர் உன் வயலுக்கு. அடுத்தவன் முறையில் வாய்க்காலில் கால் நனைத்தால்கூட ஊர்க்கூட்டத்தில் நிற்க வேண்டும்.

ஆகவே புதன்கிழமை காலை, ஊர் எல்லைப் புளியமரத்தடியில் கூடிப் பாதையைப் பங்கு வைத்தார்கள். தவசிக்கண்ணு மூத்தவர் என்பதால் ஏற்றமெல்லாம் அவருக்கு. பக்கத்து வீட்டுக் கொம்பையாவுக்கு இறக்கம். குளத்து மடை திறந்துவிடுகிற மாசானம் வளைவுகளைக் கேட்டு வாங்கிக்கொண்டார். மாப்பிள்ளைக்குச் சட்டை கசங்கக் கூடாது, வேர்க்கக் கூடாது என்று சமதரை முழுவதையும் ஒதுக்கினார்கள். எவ்வளவு பெருந்தன்மை, பாருங்கள்.

பூலையாவுக்கு மட்டும் ஒரு சந்தேகம். முதல் அடியே மேடாக இருந்தது.

"ஏத்தம் உங்க பங்காச்சே மாமா. அதுல நான் எப்படி வாரது?"

"வரப்பிடாது," என்றார் தவசிக்கண்ணு.

"கேரியர்ல உக்காந்துக்கிடட்டா?"

"மாப்ள போய் நெல்லுமூட்டை மாதிரி இறங்குனா அந்த வீட்டுல என்ன நினைப்பாவ? நீங்க இங்கனயே நில்லுங்க மருமவனே. சமதரை வந்ததும் கூப்பிடுதோம்."

பூலையா சலவைச் சட்டையோடு புளியமரத்தடியில் நின்றார். மற்ற மூன்று பேரும் பெண் பார்க்கக் கிளம்பினார்கள்.

ஏற்றம் தவசிக்கண்ணுவின் பங்கு. அதில் மற்றவர் காலும் படக்கூடாது, சக்கரமும் படக்கூடாது. கொம்பையா அவருடைய கேரியரில் உட்கார்ந்து தன் சைக்கிளைத் தலையில் தூக்கிவைத்துக்கொண்டார். மாசானம் முன்கம்பியில் உட்கார்ந்து தன் சைக்கிளைக் கழுத்தில் மாலை மாதிரி மாட்டிக்கொண்டார். இவ்வளவையும் தவசிக்கண்ணு நாக்குத் தள்ளத் தள்ள உருட்டிக்கொண்டு போனார்.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, மூணு ஆள், மூணு சைக்கிள், ஆளுக்கொன்றை ஓட்டினால் என்ன என்று கேட்டாள்.

மாசானம் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். கொஞ்சதூரம் போனபிறகு, "பாவம், அந்தம்மா ஊர்ல குளம் இல்லபோல," என்றார்.

உச்சியில் எல்லாரும் கொம்பையாவின் சைக்கிளுக்கு மாறினார்கள். டவுன்காரர் சொன்னதை அவர் மறக்கவில்லை. பிடிக்கக்கூடாத சாமான் சைக்கிளில் எதற்கு என்று, பிரேக்கைக் கழற்றிப் பெண்சாதியிடம் பத்திரமாகக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். இறக்கம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. மூன்று பேரும் ஒரே சமயத்தில் வேறுவேறு சாமியைக் கூப்பிட்டதுதான் தெரிந்தது.

மூன்றாவது மேட்டில் ஒரு சிக்கல். பாதை ஏறிக்கொண்டே வளைந்தது. அது ஏற்றமா, வளைவா? தவசிக்கண்ணு ஏற்றம் என்றார். மாசானம் வளைவு என்றார். சைக்கிள்களைப் படுக்கப்போட்டு அரைமணி நேரம் வழக்கு நடந்தது. இரண்டு பேருக்கும் பாதகமில்லாமல் கொம்பையா தீர்ப்புச் சொன்னார். வழக்கில் கிடக்கிற நிலத்தில் யாரும் இறங்கக் கூடாது. அதனால் பாதையை அப்படியே விட்டுவிட்டுக் கருவேலமுள்ளுக்குள் நேராக நுழைந்து அந்தப் பக்கம் வந்தார்கள். வேட்டியில் பாதி முள்ளோடு நின்றுவிட்டது. நியாயம் நின்றுவிடவில்லை.

கடைசி இறக்கம் அணைஞ்சபெருமாள் வீட்டு வைக்கோல்போரில் போய் முடிந்தது. சைக்கிள் உள்ளே போய்விட்டது, மூன்று பேரும் மேலே போய்விட்டார்கள். மணி பத்தேமுக்கால். சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே எல்லாரும் வந்து சேர்ந்தார்கள், மாப்பிள்ளை நீங்கலாக.

அணைஞ்சபெருமாள் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து, கீழே இறங்கி வீட்டுக்குள் வரச்சொன்னார். தவசிக்கண்ணு முற்றத்தை எட்டிப் பார்த்தார். நன்றாகச் சாணி தெளித்து, கோலம் போட்டு, தட்டுப்போலச் சமமாக இருந்தது.

"மன்னிக்கணும் அண்ணாச்சி. இது மாப்ள பங்கு. நாங்க கால் வைக்க முடியாது."

"மாப்ள எங்க?"

"ஊர்ல நிக்காவ. வழியில சமதரை வரவேயில்ல."

சம்பந்தம் பேச வந்தவர்களை வெறும் வயிற்றோடு விடக்கூடாதே. ஏணி வைத்து ஏறி, வைக்கோல்போர் மேலேயே மூன்று பேருக்கும் காப்பி கொடுத்தார்கள். அணைஞ்சபெருமாள் தலையில் கைவைத்துக்கொண்டு, சாயங்காலம் வருகிறவர்களுக்கே முடித்துவிடலாம் என்று முடிவுக்கு வந்துவிட்டார்.

செண்பகக்கனி ஜன்னலுக்குப் பின்னால் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். தையல் வகுப்பு எடுப்பதற்காகத் தினமும் அந்த மேடுகளில் சைக்கிள் மிதித்துப் போகிறவள்.

"இந்த வீட்டுக்கு வந்தவிய எல்லாரும் என்னையப் பார்த்துட்டுத்தான் போனாவ," என்றாள். "நான் ஒருத்தரையாவது போய்ப் பார்த்துட்டு வாரேன்ப்பா. மணி இன்னும் பன்னெண்டு ஆகல."

அவர் யோசித்து முடிக்கும்முன் சைக்கிள் தெருமுனையைத் தாண்டிவிட்டது.

ஆறு மேட்டையும் ஏறி இறங்கி மூணுபொத்தை எல்லைக்கு அவள் வந்தபோது, பன்னிரண்டுக்கு இருபது நிமிஷம் இருந்தது. புளியமரத்தடியில் பூலையா காலையில் நின்ற மாதிரியே நின்றுகொண்டிருந்தார். சட்டையில் ஒரு சுருக்கம் இல்லை, முகத்தில் ஒரு பொட்டு வேர்வை இல்லை. அந்த மட்டில் ஏற்பாடு பலித்துத்தான் இருந்தது.

வேர்த்து விறுவிறுத்து ஒரு பெண் வந்து இறங்கியதும், அவரே முந்திக்கொண்டு விசாரித்தார்.

"வடகிணத்துப் பாதையிலயா வாரீக தங்கச்சி? வழியில சமதரை எங்கயும் தட்டுப்பட்டுச்சா?"

"இல்லையே," என்றாள்.

பூலையாவின் முகம் வாடிவிட்டது. அவள் சற்றுத் தயங்கி, தன் பெயர் செண்பகக்கனி என்று சொன்னாள்.

"அதிசயத்தப் பாருங்க. நான் பார்க்கப் போற பொண்ணுக்கும் அதே பேருதான்."

"எங்கப்பா பேரு அணைஞ்சபெருமாள்."

"அந்தப் பொண்ணோட அப்பா பேரும் அதான்," என்றார் பூலையா, முகமெல்லாம் மலர்ந்து. "அப்பம் உங்களுக்கு அந்த வீடு நல்லாத் தெரிஞ்சிருக்குமே."

நன்றாகத் தெரியும் என்றாள் அவள்.

பூலையா முன்னும் பின்னும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"ஒரு உதவி செய்யணும் தங்கச்சி. திரும்பிப் போறப்போ அந்தப் பொண்ணைப் பார்த்து, நான் வந்துக்கிட்டே இருக்கேன்னு சொல்லுங்க. ஆனா, இங்கன தனியா ஒரு பொம்பளகூட நின்னு பேசிக்கிட்டிருந்தேன்னு மட்டும் அவகிட்ட சொல்லிராதீக."