கோணக்கரட்டுச் சாண எரிவாயு

கோணக்கரட்டில் ஒரே வரிசையில் ஒன்பது வீடு. ஒன்பதிலும் ஆள் உண்டு, அடுப்பு உண்டு. மூளையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

முதல் வீட்டு ஓச்சப்பனின் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு இளைப்பு. விறகுப் புகையில் இருமித் தீர்த்துவிட்டு, "புகையில்லாம ஒரு காப்பி போட்டுக் குடுங்க, அப்புறம் சம்பந்தம் பேசலாம். ரெண்டு மாசத்துல வர்றோம்" என்று கிளம்பிவிட்டார்.

ஓச்சப்பன் போட்ட கூப்பாட்டில் ஊருக்குச் சாண எரிவாயுக் குழி வந்தது. கூடவே ஓர் அதிகாரி. தொண்டையைச் செருமி, மூக்காலேயே பேசினார்: "விறகை எரிச்சு எரிச்சு பூமியே கொதிக்குது. இனிமே இந்தக் குழியில சாணம் போடுங்க. மனுஷ மனசு இருக்கே, அது பக்கத்து வீட்டைப் பார்த்துத்தான் எதையும் செய்யும். அதனால, பக்கத்து வீட்டைப் பாருங்க, அப்படியே செய்யுங்க!"

பார்த்தார்கள். தலையில் சாணக்கூடையோடு ஓச்சப்பன் இரண்டாம் வீட்டைப் பார்த்தான். இரண்டாம் வீடு மூன்றாம் வீட்டைப் பார்த்தது. ஒரு மாதம் போனது.

ஒன்பதாம் வீட்டுச் சுருளிக்குத்தான் சிக்கல். "மாமா, எனக்கு அந்தப் பக்கம் வீடே இல்லையே?"

ஊர் கூடி யோசித்தது.

"எருமைக் கொட்டாய் இருக்குல்ல?"

"அதுல எருமைதான இருக்கு?"

"குடியிருக்கா இல்லையா?"

"இருக்கு."

"அப்ப அதுதான் பக்கத்து வீடு. கண்ணை எடுக்காதடா!"

எருமை அசைபோட்டது. சுருளி அசைபோட்டான். வரிசையாக எட்டு வீடும் அசைபோட்டன.

"பூமி கொதிக்குதாமே, மாமா?"

"கொதிக்கட்டும். எருமை ஒரு முடிவுக்கு வரட்டும்."

இரண்டு மாதம் முடிந்து, மாப்பிள்ளையின் அம்மாவும் அப்பாவும் வந்து நாற்காலியில் உட்கார்ந்தார்கள். அடுப்பில் ஒரு பொட்டுத் தீ இல்லை.

"அப்பா, நீயாவது ஒரு கூடை போட்டிருக்கலாம்ல?" மகள் அழுதாள்.

"ரெண்டாம் வீட்டுக்காரன் போடலையேம்மா!" ஓச்சப்பனும் அழுதான்.

அப்போது எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு வந்தது. குழியோரம் நின்றது. வாலைத் தூக்கியது. தொப்!

"ஆரம்பிச்சிருச்சு!" சுருளி கூடையை வீசி எறிந்தான். எருமைதான் கூடை சுமக்கவில்லையே! வேட்டியைத் தூக்கிக்கொண்டு குழியோரம் குந்தினான். எட்டாம் வீடு குந்தியது. ஏழாம் வீடு குந்தியது. கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓச்சப்பனும் போய்ச் சேர்ந்தான்.

மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். "சீச்சீ! இந்தச் சம்பந்தமே வேண்டாம். வாங்க போகலாம்" என்று திரும்பினால், பக்கத்து நாற்காலி காலி.

அவர் வீட்டுக்காரர் வேட்டியை மடித்துக்கொண்டு ஓச்சப்பனின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார்.

"சம்பந்தி, கொஞ்சம் தள்ளி உக்காருங்க."