கட்டுப் பிரிக்காத கயிறு

கூடலம்பதியை மாறவேள் ராஜா ஆண்ட காலத்தில், பொய் சொல்கிறவனுக்குச் சோறு கிடையாது என்று ஒரு சட்டம் இருந்ததாம். அப்படியிருந்தும் அரண்மனையில் அத்தனை பேருக்கும் தொப்பை இருந்தது. அது எப்படி என்று என்னைக் கேட்காதீர்கள்.

அந்தச் சபையில் விகடம் பேசிப் பிழைத்தவன் குப்பாண்டி. வாய் நிறைய வெற்றிலை, வயிறு நிறைய அங்காயி ஊற்றும் கம்பங்கூழ். அங்காயி கோட்டை வாசலில் கூழ் விற்கிறவள். அவளும், மூட்டை தூக்கிக் கல் சுமக்கிற ஜனங்களும் அங்கேயே குடிசை போட்டிருந்தார்கள். ஊரோ நாளுக்கு நாள் பெருத்துக்கொண்டே போனது. கோட்டை வாசலில் ஒரு முழம் இடம் கிடைக்காதா என்று பெரிய வியாபாரிகள் நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு அலைந்தார்கள்.

கட்டட அதிகாரி கஸ்தூரி ராயர் அந்த வியாபாரிகளுக்கு ஒரு வழி கண்டுபிடித்தார். ஆற்றோரம் பழைய சாயப்பட்டறை மைதானம் சும்மா கிடந்தது. சாயக்காரர்கள் வேறு ஊர் போய் வெகுகாலம் ஆகிறது. தலைமுறை தலைமுறையாக அவர்கள் கொட்டிய சாயக் கழிவு மட்டும் மண்ணை விட்டுப் போகவில்லை. அங்கே புல் முளைக்காது. எருமைகூடப் படுக்காது. ராயர் அதன்மேல் நாலு வண்டி செம்மண்ணைக் கொட்டி, வரிசையாக ஓட்டு வீடுகளும் வீட்டுக்கொரு கிணறும் கட்டி, சுண்ணாம்பு அடித்து, குடிசை ஜனங்களெல்லாம் தை பிறந்ததும் இங்கே வந்துவிட வேண்டும் என்று தண்டோரா போட்டுவிட்டார். ஏழைகளுக்கு ஓட்டு வீடா என்று ராஜாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அங்காயி கூழ்ப் பானையை மூடிவிட்டு எழுந்தாள்.

"எம் மக பேச்சி நெறமாசக்காரி, தம்பி," என்றாள் குப்பாண்டியிடம். "அந்தக் கெணத்துத் தண்ணியக் குடிச்சுத்தான் எம் பேரப்புள்ளைக்குப் பால் ஊறணுமா? நீ ராஜாகிட்டப் பேசுறவன். இதையும் பேசேன்."

அன்றைக்குக் குப்பாண்டிக்குக் கூழ் இறங்கவில்லை.

சபையில் போய்ச் சொன்னான். ராயர் அசரவில்லை. அந்த மைதானத்துக் கிணறு ஒன்றிலிருந்தே வெள்ளிக் கிண்ணத்தில் தண்ணீர் கொண்டுவரச் சொன்னார். பார்த்தால் பளிங்கு மாதிரி இருந்தது. எல்லோர் முன்னாலும் ஒரு மடக்குக் குடித்தும் காட்டினார். ஒரு மடக்கில் யார் செத்துப்போனார்கள்? அதுவும் ராயருக்குத் தெரியும். குப்பாண்டி வாங்கிக் குடித்துவிட்டு, நாக்கெல்லாம் துவர்க்கிறது என்றான். காலையிலிருந்து பாக்கு மெல்லுகிற நாக்குக்குப் பாயசமும் துவர்க்கும் என்றார் ராயர். சபை கொல்லென்று சிரித்தது. ஊரைச் சிரிக்க வைத்தே சாப்பிட்டவனுக்கு அந்தச் சிரிப்பு மட்டும் சுருக்கென்று தைத்தது.

ராஜாவுக்கும் கோபம் வந்துவிட்டது. "இந்தத் தண்ணீரில் கெடுதல் இருந்தால் என் கண்ணுக்குக் காட்டு, குப்பாண்டி. தை பிறப்பதற்குள் காட்டாவிட்டால், அங்காயிக்குப் பக்கத்து வீட்டில் நீயும் குடியேறு."

பளிங்குத் தண்ணீருக்குள் கண்ணுக்குத் தெரியாததை எப்படிக் காட்டுவது? குப்பாண்டி வெற்றிலையைத் துப்பிவிட்டு யோசித்தான். பிறகு நேரே சபைக்குப் போய், ராஜா முன்னாலேயே ராயர் காலில் விழுந்தான்.

என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும் என்று புலம்பினான். இப்பேர்ப்பட்ட இடத்தைக் குறை சொன்னேனே! முதல் வீட்டை ராயருக்கே செப்புப் பட்டயம் போட்டுக் கொடுங்கள், அவர் குடும்பத்தோடு பால் காய்ச்சிக் குடியேறினால்தான் ஜனங்களுக்குத் தைரியம் வரும் என்று ராஜாவிடம் கெஞ்சினான். ராஜா அப்போதே கொடுத்துவிட்டார். ராயர் வெல்லத்தில் விழுந்த ஈயாகத் தவித்தார். ராஜா கொடுக்கிற வீட்டை வேண்டாம் என்று சொல்ல முடியுமா?

அந்த ஊர் வழக்கம் ஒன்று உண்டு. குடிபோகிற வீட்டுக் கிணற்றிலிருந்து வீட்டுக்காரி விடியலில் தண்ணீர் இறைத்துப் பாலில் சேர்ப்பாள். பொங்கிய பாலை முதலில் குடிப்பது வீட்டில் இருக்கிற கடைக்குட்டி.

நல்ல நாளில் மேளதாளத்தோடு ராஜா வந்தார். ராயரின் மனைவி வேதவல்லி அம்மாள் அடுப்பு மூட்டினாள். பால் பொங்கி வழிந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். ராயரின் மூன்று வயதுப் பேரன் மீசை வரைந்துகொண்டு பாலைக் குடித்தான். கூட்டத்தின் ஓரத்தில் நின்ற அங்காயியின் முகம் செத்துப்போயிற்று.

"பார்த்தாயா?" என்றார் ராஜா. "சொந்தப் பேரனுக்கே கொடுத்துவிட்டார். மூட்டையைக் கட்டு."

"கட்டிவிடுகிறேன், மகாராஜா. கட்டுவதற்கு ஒரு கயிறு வேண்டுமே," என்று கொல்லைப்பக்கம் போனான் குப்பாண்டி. திரும்பி வந்து அந்த வீட்டுக் கிணற்றுக் கயிற்றை ராஜாவின் கையில் வைத்தான்.

புத்தம் புதுக் கயிறு. திரித்தவன் போட்ட கட்டே இன்னும் பிரிக்கவில்லை. ஒரு சொட்டு ஈரம் இல்லை.

ராஜா கயிற்றைப் பார்த்தார், பால் பானையைப் பார்த்தார், வேதவல்லி அம்மாளைப் பார்த்தார். "தண்ணீர் எங்கேயம்மா எடுத்தீர்கள்?"

அந்த அம்மாள் சூதுவாது அறியாதவள். "எங்க பழைய வீட்டுக் கிணத்துல இருந்து குடத்துல கொண்டுவந்தேன், மகாராஜா. இந்தத் தண்ணி ஒரு பொட்டுகூடப் பேரன் வாயில படக்கூடாதுன்னு இவர்தான் நேத்து முழுக்கச் சொல்லிட்டே இருந்தார்."

ராயர் கூரை ஓடுகளை எண்ணுவதுபோல மேலே பார்த்தார்.

ராஜா கயிற்றைக் குப்பாண்டியிடமே திருப்பிக் கொடுத்தார். அப்புறம் சிரித்தார் பாருங்கள், கிரீடம் நழுவி விழுகிற சிரிப்பு. சிரிப்பு அடங்கியதும் உத்தரவு போட்டார். குடிசை ஜனங்களுக்குக் கோட்டை வாசலிலேயே ஓட்டு வீடு. பேச்சிக்கு முதல் வீடு. ராயரின் மனைவியும் பேரனும் பழைய வீட்டுக்குப் போகலாம். ராயர் மட்டும் இங்கேயே இருந்து, கெட்ட மண்ணையெல்லாம் வெட்டியெடுத்து, புல் முளைக்கிறவரை கிணற்றை இறைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

குப்பாண்டி கயிற்றின் கட்டைப் பல்லால் பிரித்து, பணிவாக ராயரிடம் நீட்டினான்.

"இந்தாங்க ஐயா. இனிமேலாவது நனையட்டும்."